லென்ஸ் போயிடுச்சு சார்! கெட்ட படத்தை வைத்தே கோளாறைப் பிடிப்பது எப்படி

எங்கள் போட்டோ குழுவில் பதினைந்து பேருக்கு மேல் ஒரு நாளும் சேர்ந்ததில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, விடிவதற்கு முன்பே வேலூர்க் கோட்டை அகழி ஓரம் வந்துவிடுவோம். இந்த ஊரை 'வெயிலூர்' என்று கிண்டல் செய்கிறவர்கள் சும்மா சொல்லவில்லை. எட்டரைக்கெல்லாம் வெளிச்சம் கண்ணைக் குத்த ஆரம்பித்துவிடும். அப்புறம் டீக்கடை பெஞ்சு. அங்கே ஒரே விதி: நல்ல படம் ஒன்று காட்டுகிறவர் கெட்ட படம் ஒன்றும் காட்ட வேண்டும். நல்ல படத்துக்கு "சூப்பர் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கெட்ட படம் வந்தால்தான் இரண்டாவது டீ.

அந்தப் பஞ்சாயத்துகளில் திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் படத்தில் என்ன தெரிகிறதோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம். "லென்ஸ் போயிடுச்சு" என்று முகம் வாடி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை

கேமராவில் அந்தப் படத்தைத் திறந்து இன்ஃபோ பட்டனை அழுத்துங்கள். போனில் எடுத்ததாக இருந்தால் படத்தின் விவரப் பக்கத்தைத் திறங்கள். ஷட்டர் (ஒளி உள்ளே வரும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு, 'எஃப்' எண்), ஐஎஸ்ஓ (வந்த ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டுவது), எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் (கேமரா வைக்கும் வெளிச்சத்தை நாம் கூட்டுவது, குறைப்பது) என்று நான்கு எண்கள் இருக்கும். நான்கையும் வாய்விட்டுப் படியுங்கள். பாதிக் கோளாறு அங்கேயே பிடிபடும்.

நானே பட்டிருக்கிறேன். ஒரு ஞாயிறு காலை, அகழித் தண்ணீரில் கொத்தளத்தின் நிழல் விழுந்து கிடக்கிறது, காற்றே இல்லை. நாற்பது படம் எடுத்தேன். எல்லாம் ரவை கொட்டினாற்போலப் பொரிபொரியாக இருந்தது. படத்தைப் பதியும் சென்சார் வீணாகிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் குழுவில் மூத்தவர், ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கேமராவை வாங்கி ஒரு பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏம்பா, நேத்து ராத்திரி எங்கனா ரிசெப்ஷனுக்குப் போனியா?"

போயிருந்தேன். ராத்திரி வெளிச்சத்துக்காக ஏற்றிய ஐஎஸ்ஓ 6400 அப்படியே நின்றிருந்தது. அன்றிலிருந்து கேமராவைப் பையில் வைக்கும்போதே ஐஎஸ்ஓவை ஆட்டோவுக்கும் காம்பென்சேஷனைப் பூஜ்யத்துக்கும் கொண்டுவந்து, மேனுவல் ஃபோகஸ் சுவிட்சையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஜிப்பை இழுக்கிறேன்.

படம் தெளிவாக இல்லை

அதிகம் வரும் புகார் இதுதான். 'தெளிவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து நோய்கள் இருப்பதால் மருந்தும் மாறும். படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, அதில் ஏதாவது ஓர் இடமாவது கூர்மையாக இருக்கிறதா என்று தேடுங்கள்.

எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால், விளக்குப் புள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி சின்னக் கோடாகவோ கால்புள்ளி மாதிரியோ இருந்தால், கை ஆடியிருக்கிறது. லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, ஷட்டர் குறைந்தது அத்தனையில் ஒரு பங்கு வேகமாவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 200 மில்லிமீட்டருக்கு 1/200 வினாடி. சின்ன சென்சார் கேமரா என்றால் அதையும் ஒன்றரையால் பெருக்கி 1/300க்கு மேல் வையுங்கள். பழைய கணக்கானாலும் இன்னும் பொய்க்கவில்லை.

பின்னால் இருப்பது கூர்மையாக இருந்து, எடுக்க நினைத்தது மட்டும் கரைந்திருந்தால் அது ஓடியிருக்கிறது. எங்கள் பக்கம் தை, மாசியில் மாடு விடும் திருவிழா நடக்கும். அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து ஊர்களில் பார்க்கலாம். தெற்கே மாட்டைத் தழுவுவார்கள். இங்கே தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, ஒவ்வொரு மாடாக அவிழ்த்துவிட்டு, குறித்த தூரத்தை எத்தனை வினாடியில் கடக்கிறது என்று பார்ப்பார்கள். மாடு உங்களைக் கடக்கும் நேரம் ஒரு தும்மல்தான். சென்ற முறை நண்பர் ஒருவர் எடுத்த படத்தில் தடுப்புக் கம்பின் கணு தெரிகிறது, அதில் சுற்றிய கயிற்றின் பிரி தெரிகிறது, மாடு மட்டும் செம்மண் நிறத்தில் ஒரு புகை. "ஸ்டெபிலைசர் ஆன்லதானே இருந்துது?" என்றார். ஸ்டெபிலைசர் உங்கள் கையைப் பிடிக்கும், மாட்டை யார் பிடிப்பது? ஷட்டரை 1/1000க்கு மேல், முடிந்தால் 1/1600இல் வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, ஓடுவதைத் தொடர்ந்து பிடிக்கும் கன்டினியூவஸ் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். மாடு அவிழ்க்கும் இடத்திலிருந்தே வியூஃபைண்டருக்குள் பிடித்துக்கொண்டு கூடவே வர வேண்டும். எதிரே வந்த பிறகு தேடினால் வால்தான் கிடைக்கும். தடுப்புக்கு வெளியே நின்று நீள லென்ஸில் எடுங்கள். உள்ளே இறங்கி எடுத்த படங்களில் எனக்குப் பிடித்தது ஒன்றுகூட இல்லை.

வேறு ஏதோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் இது எனக்கு நேர்ந்தது. வைகாசி பிறக்கும் நாள், தெரு கொள்ளாத கூட்டம், அம்மன் சிரசு தலைகளுக்கு மேலே மிதந்து வருகிறது. என் படத்தில் முன்னால் நின்றவர் உயர்த்திய போனின் உறையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூடப் படிக்கும்படி இருந்தது. அம்மன் முகம் மங்கல். பரப்பு முழுதும் தேடும் ஃபோகஸ் முறையில் விட்டால், கேமரா பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அந்தப் புள்ளியை நீங்களே முகத்தில் வையுங்கள். அல்லது சிரசு வரப்போகும் தூரத்தில் இருக்கும் ஒரு கம்பத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, எஃப் 8 அளவில் காத்திருங்கள்.

எங்குமே கூர்மை இல்லை, இழுப்பும் இல்லை, ஷட்டரோ 1/2000. அப்போது முதலில் லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள், கைரேகை இருக்கும். இல்லையா? எத்தனை மணிக்கு, எதன் மேல் எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் புதிதாக 400 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கி, பாலாற்று மணலுக்கு அந்தக் கரையில் மேயும் ஆடுகளை எடுத்தார். பதினோரு மணி, சித்திரை மாதம். ஆடுகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளிந்தன. லென்ஸை சர்வீசுக்கு அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து 'கோளாறு இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வந்தது. கோளாறு மணலில் இருந்தது. சூடேறிய மணலுக்கு மேல் காற்று அடுக்கடுக்காகச் சூடாகிக் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒளி அதற்குள் வளைந்து வளைந்து வரும். தார்ச்சாலையில் தூரத்தில் தண்ணீர் தெரிகிற மாதிரி இருக்குமே, அதே சங்கதி. எத்தனை லட்சம் கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இதற்கு மருந்து கிடையாது. மணல் சூடாவதற்கு முன், ஆறரை மணிக்குப் போங்கள், அல்லது ஆற்றில் இறங்கி நடந்து ஆட்டுக்குப் பக்கத்தில் போங்கள். பாலாறு பெரும்பாலான மாதங்கள் நடந்து போகத்தான் வழி விட்டிருக்கிறது.

வியூஃபைண்டரில் மங்கல், எடுத்த படம் கூர்மை என்று ஒருவர் கண் டாக்டரிடம் போகக் கிளம்பினார். வியூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் டையாப்டர் சக்கரம் பைக்குள் உரசித் திரும்பியிருந்தது. உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை அதைத் திருப்பினால் போதும்.

கருங்கல் சாம்பலாகிறது, வெள்ளை வேட்டி அழுக்காகிறது

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று. கடைசி ஒன்று 1981இல் கோட்டைக் கோயிலில் ஜலகண்டேஸ்வரரை மறுபடி எழுந்தருளச் செய்ததும் பொய்யாகிவிட்டது. அந்தக் கோயிலின் கல்யாண மண்டபம்தான் எங்கள் குழுவின் பரீட்சைக் கூடம். யாளியும் குதிரை வீரருமாகச் செதுக்கிய தூண்கள், எண்ணெயும் கைபட்ட மெருகும் ஏறிக் கறுத்த கல். ஆட்டோவில் எடுத்தால் அந்தக் கறுப்பு எல்லாம் வெளுத்துச் சாம்பலாகிவிடும்.

காரணம் எளிது. கேமராவின் மீட்டருக்கு உலகத்தில் எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம். கறுப்பைக் காட்டினால் "இருட்டாக இருக்கிறதே" என்று வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளை வேட்டிக் கூட்டத்தைக் காட்டினால் "வெளிச்சம் ஜாஸ்தி" என்று குறைக்கும். ஆகவே தலைகீழாகச் செய்ய வேண்டும்: கறுப்புக் கல்லுக்குக் காம்பென்சேஷன் மைனஸ் ஒன்று, வெள்ளைக்குப் பிளஸ் ஒன்று. புதிதாக வருகிறவர்கள் இதை எப்போதும் மாற்றிப் போடுவார்கள். மனம் ஒப்பாதுதான், செய்து பாருங்கள்.

மண்டபத்துக்குள் இன்னொரு தொல்லை, தூண்களுக்கு இடையே தெரியும் வெளிமுற்றம். கண்ணுக்கு இரண்டும் தெரியும், கேமராவுக்கு ஒன்றுதான். முற்றம் வெள்ளைத் தாளாகிவிட்டால் அதில் விவரம் திரும்பாது; நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். அதனால் ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கச் சுவரில் முட்டாமல் பார்த்துக்கொண்டு, 'ரா' (RAW) என்ற மூலக் கோப்பு முறையில் எடுங்கள். வெளிச்சத்தை மாற்றி மாற்றி மூன்று படமாக எடுத்துச் சேர்க்கிறேன் என்று ட்ரைபாடை விரித்தால் காவலர் வந்துவிடுவார். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, ட்ரைபாடுக்கு முன்அனுமதி கேட்பார்கள். தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு மூச்சை விட்டுவிட்டு எடுப்பதுதான் எங்கள் ட்ரைபாட். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பும் பேச்சே வேண்டாம்.

கோபுரம் சாய்கிறது, மதில் வளைகிறது

இரண்டும் வேறு வேறு. கோபுரம் பின்னால் சாய்ந்து உச்சி குறுகித் தெரிந்தால், நீங்கள் கேமராவை மேல்நோக்கித் தூக்கியிருக்கிறீர்கள். பின்னால் போய், கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்து, கீழே வரும் வெறும் தரையை வெட்டிவிடுங்கள். இடம் இல்லையென்றால் எடிட்டிங்கில் நிமிர்த்தலாம். ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும்.

மதில் வளைவது லென்ஸின் குணம். விரிஞ்சிபுரத்துக் கோயிலை 'மதிலழகு' என்று சொல்வார்கள். அந்த நீள மதிலை 18 மில்லிமீட்டரில் எடுத்துப் பாருங்கள், நடுவில் தொப்பை போட்டிருக்கும். லென்ஸ் கரெக்‌ஷனை ஆன் செய்தால் சரியாகிவிடும், அல்லது ஜூமை 35 பக்கம் கொண்டுபோய் நாலடி பின்னால் நில்லுங்கள். அங்கே உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. மேலே இருக்கும் பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் மணி காட்டும். அதை எடுக்க நடுப்பகல்தான் வசதி என்று நினைப்பீர்கள். ஒன்பது மணிக்கு எடுங்கள், சாய்ந்த வெயிலில் கல்லில் வெட்டிய கோடுகள் எழுந்து நிற்கும்.

முகம் மஞ்சள், முகம் பச்சை, படத்தில் வரி வரியாகப் பட்டை

கல்யாண சீசனில் இதைத் தவிர வேறு பேச்சே இருக்காது. சிவப்பு, நீலத் துணிப் பந்தலுக்குக் கீழே பகலில் எடுத்தால் துணியின் நிறம் முகத்தில் இறங்கும். நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் குழம்பிவிடும். யாராவது ஒருவரின் வெள்ளை வேட்டி அதே வெளிச்சத்தில் படத்தில் இருக்கும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெள்ளைக்கான குறியை அந்த வேட்டியில் வைத்தால் முகம் தானாகச் சீராகும். இன்னும் மஞ்சள் சோடியம் விளக்கு எரியும் தெருவில் எடுத்தது மட்டும் தேறாது. அந்த விளக்கில் மஞ்சளைத் தவிர மற்ற நிறங்கள் மிகக் குறைவு. இல்லாத நிறத்தைக் கொண்டுவர முடியாது. கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுங்கள், அழகாகவே இருக்கும்.

பட்டை விழுவது வேறு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. பழைய டியூப்லைட்டும் மலிவான எல்ஈடியும் வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். ஷட்டர் 1/500 என்றால் படத்தின் ஒரு பகுதி எரிந்தபோதும் இன்னொரு பகுதி மங்கியபோதும் பதிவாகிவிடுகிறது. 1/100 அல்லது 1/50க்கு இறங்கினால் பட்டை மறையும். மேடையில் ஓடும் கலர் சீரியல் லைட்டுகளுக்குத் தனிக் கணக்கு. கேமராவில் இந்தப் பட்டையைத் தவிர்க்கும் ஆன்டி ஃபிளிக்கர் வசதி இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பாருங்கள்.

வானத்தில் ஒரே இடத்தில் கரும்புள்ளி

எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருந்தால் சென்சாரில் தூசி. எஃப் 16 வைத்து வெறும் வானத்தை எடுத்துப் பாருங்கள், எத்தனை குடும்பம் குடியிருக்கிறது என்று தெரியும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி விழுந்தால் தூசியே தேவலை. துணி, காது குடையும் பஞ்சுக் குச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது. ஊதியும் போகாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

லென்ஸில் பனி, லென்ஸில் பூஞ்சை

ஏசி அறையிலிருந்து ஈரக்காற்றுக்குள் கேமராவைக் கொண்டுவந்ததும் வெள்ளையாக மூடிக்கொண்டால் துடைக்காதீர்கள், லென்ஸைக் கழற்றவும் கூடாது. கிளம்பும்போதே இறுக்கமான பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெளியே வந்து அரை மணி நேரம் அப்படியே வைத்தால் பனி கவரில் படியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் துணிகளுக்கு நடுவே கேமராவை வைக்கிறவர்களுக்குத் தை மாதம் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை பரிசாகக் கிடைக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கித் திரும்பப் போடலாம். அந்த வாணலியில் அப்புறம் சமைக்க வேண்டாம்.

கார்டு எரர்

வளைகாப்பு ஒன்றில் பாதியில் 'கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா?' என்று கேமரா கேட்டது. கை தானாக 'ஓகே'க்குப் போயிற்று. பக்கத்தில் நின்ற தங்கை தட்டிவிட்டாள். அவள் தட்டியது எட்டு வருடச் சொந்தபந்த உறவைக் காப்பாற்றியது.

கேமரா என்ன கேட்டாலும் 'வேண்டாம்' சொல்லி அணைத்து, கார்டை வெளியே எடுங்கள். அதில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. கார்டின் ஓரத்தில் இருக்கும் லாக் நகர்ந்திருக்கிறதா, செம்புப் பட்டைகளில் அழுக்கா என்று பாருங்கள். கார்டு ரீடரில் போட்டும் திறக்கவில்லையென்றால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் படங்களை மீட்கலாம். மீட்டவற்றை அதே கார்டில் எழுதாமல் கணினியில் சேமிக்க வேண்டும். எனக்கு நாலு படம் தவிர எல்லாம் வந்தது.

அந்தக் கார்டு பாதி விலைக்கு வாங்கியது. மேலே 128 ஜிபி என்று அச்சடித்திருக்கும். உள்ளே அதில் கால்வாசிகூட இருக்காது, நிரம்பியதும் பழையதின் மேலேயே எழுதும். புது கார்டு வாங்கியதும் வீட்டிலேயே ஒரு தடவை முழுதாக நிரப்பி, எல்லாம் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் ஃபார்மட் செய்வதைக் கேமராவிலேயே செய்யுங்கள்.

நட்சத்திரம் எல்லாம் உருண்டை, அல்லது கோடு

ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் வானம் இன்னும் இருட்டாக இருக்கிறது. அதனால்தான் அங்கே வானாய்வகம் வைத்தார்கள், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்றும் இயங்குகிறது. அந்தப் பக்கம் போனால் ஹெட்லைட்டை, டார்ச்சைக் கண்டபடி அடிக்காதீர்கள்.

நட்சத்திரங்கள் உருண்டையாக வந்தால் ஃபோகஸ் பிசகு. லென்ஸில் முடிவிலிக் குறி இருக்கும் இடம் பெரும்பாலும் முடிவிலி இல்லை. லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின் திரையில், பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும்வரை கையால் திருப்பி, வளையத்தின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். கோடாக வந்தால் நேரம் அதிகம்: 500ஐ லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணால் வகுங்கள். சின்ன சென்சாரில் 18 மில்லிமீட்டர் என்றால் அது 27க்குச் சமம், ஆக 18 வினாடி. அதற்கு மேல் பூமி சுற்றுவது படத்தில் தெரியும்.

கேமராவில் பளிச், வாட்ஸ்அப்பில் மங்கல்

வாட்ஸ்அப் படத்தை நசுக்கி அனுப்புகிறது. டாக்குமென்டாக அனுப்புங்கள். நிறம் மட்டும் செத்துத் தெரிந்தால் கேமரா மெனுவில் கலர் ஸ்பேஸ் அடோபி ஆர்ஜிபி என்று இருக்கிறதா பாருங்கள், எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள்.

ட்ரைபாடில் வைத்தும் ஆடுகிறது

ஸ்டெபிலைசரை அணையுங்கள், சில லென்ஸ்கள் ஆடாத இடத்தில் தாங்களே ஆட்டத்தைத் தேடும். ஷட்டரைக் கையால் அமுக்காமல் இரண்டு வினாடி டைமரில் விடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ஏலகிரி போன்ற மலை மேல் காற்று அடித்தால் கேமராப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், அது கொடி மாதிரி படபடக்கும்.

இத்தனையும் செய்தும் எங்களில் ஒருவருக்குக் காட்பாடி மேம்பாலத்தில் எடுத்த இரவுப் படங்கள் எல்லாம் இரட்டை இரட்டையாக வந்தன. பத்து வினாடி எக்ஸ்போஷர், வண்டி விளக்குகளின் சிவப்புக் கோடு வேண்டும் என்று ஆசை. டீக்கடையில் இன்ஃபோ பார்த்தோம், எண்கள் எல்லாம் ஒழுங்கு. ட்ரைபாடை மாற்றிக் கொடுத்தோம், அதே கதை. கடைசியில் மூன்று பேர் அவரோடு ராத்திரி பாலத்துக்கே போனோம். ஒரு பஸ் கடந்தது. காலுக்குக் கீழே பாலம் மெல்ல அதிர்ந்தது. ட்ரைபாடின் மேல் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் வளையம் வளையமாக அலை.

"பஸ் போனதுக்கு அப்புறம் எடுங்க சார்" என்றான் எங்களில் சின்னவன்.

"பஸ் போயிட்டா கோடு ஏதுடா?" என்றார் அவர். கீழே இறங்கி, ரோட்டோரம் திடமான தரை தேடி இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.